டவர் காட்டிய இடத்தில் அப்பா ஏன் இல்லை?

வாசகி கேள்வி: போடிநாயக்கனூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 74 வயது, மறதி நோய் இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு டீக்கடைக்குப் போனவர் திரும்பவில்லை. சட்டைப் பையில் பட்டன் போன் இருந்தது. ரிங் போனது, எடுக்கவில்லை. சார்ஜ் இறங்கிவிடும் என்று மாமா சொன்னதால் 10 மணிக்கு மேல் யாரும் அழைக்கவில்லை. போலீஸில் புகார் கொடுத்தோம். 12.30க்கு ‘டவர் லொகேஷன்’ என்று மலையடிவாரத்தில் ஓரிடத்தைச் சொன்னார்கள். அந்த டவரைச் சுற்றி மாலைவரை தேடினோம். இரவு 7 மணிக்குத் தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்காரர் அப்பாவைப் பார்த்து, அப்பாவின் போனிலிருந்தே எங்களுக்குப் பேசினார். நல்லபடியாக வீடு வந்துவிட்டார். பிறகு விசாரித்ததில், அந்த லொகேஷன் காலை 9.50க்கு உரியது என்று தெரிந்தது. டவர் ஏன் தப்பான இடத்தைக் காட்டியது? நம்பர் கொடுத்தால் இடம் காட்டும் என்ற ஒரு வெப்சைட்டில் தம்பி 499 ரூபாய் கட்டி ஏமாந்தான். இனி என்ன வாங்கி வைத்தால் அப்பாவை உடனே கண்டுபிடிக்கலாம்?

பதில்: அப்பா வீடு திரும்பியது பெரிய நிம்மதி, சகோதரி. உங்கள் கேள்விக்கு வருகிறேன். டவர் தப்பாக எதையும் சொல்லவில்லை. “இந்த நேரத்தில் இந்தப் போன் என்னோடு பேசியது” என்று மட்டும்தான் அது சொன்னது. உங்கள் கைக்கு வந்து சேரும்போது அதிலிருந்த நேரம் உதிர்ந்துவிட்டது. டவர் நிற்கும் இடம், அப்பா நிற்கும் இடமாக மாறிவிட்டது. இந்த இரண்டு கோளாறும் காணாமல் போனவர்களைத் தேடும்போது திரும்பத் திரும்ப நடப்பவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காக மொபைல் நெட்வொர்க் கட்டப்படவில்லை. அழைப்பு வந்தால் எங்கே மணி அடிப்பது என்பது தெரிந்தால் அதற்குப் போதும். கோடிக்கணக்கான போன்கள் ஒவ்வொரு டவரைக் கடக்கும்போதும் “இங்கே இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தால், பேச்சுக்கு இடமிருக்காது, பேட்டரியும் தாங்காது. ஆகவே பக்கத்துப் பக்கத்து டவர்களைப் பல பத்துக் கணக்கில் ஒரு வட்டாரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 2ஜியில் அதற்கு லொகேஷன் ஏரியா என்று பெயர், 4ஜியில் டிராக்கிங் ஏரியா. சும்மா பையில் கிடக்கும் போன், வட்டாரம் மாறினால் மட்டும் தகவல் சொல்லும். வட்டாரத்துக்குள் எத்தனை டவர் மாறினாலும் வாயைத் திறக்காது. உங்கள் அழைப்பு வரும்போது அந்த வட்டாரத்தின் எல்லா டவர்களும் ஒரே நேரத்தில் அந்தப் போனைக் கூப்பிடும். இதைத்தான் பேஜிங் என்கிறோம். போன் பதில் சொல்லும் அந்த நொடியில்தான் அது எந்த டவரில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நெட்வொர்க்குக்கே தெரியவரும்.

வட்டாரத்தைப் பெரிதாக வகுத்தால் போன்கள் தகவல் சொல்வது குறையும், ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் கூப்பிட வேண்டிய டவர்கள் கூடும். சிறிதாக வகுத்தால் இது தலைகீழாகும். நெட்வொர்க் திட்டமிடுபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தைப் பிடித்து வைக்கிறார்கள். ஆளைத் தேடும் தேவை அந்தக் கணக்கில் கிடையாது.

எதுவுமே நடக்காவிட்டாலும் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று போன் சொல்ல வேண்டிய கால இடைவெளி ஒன்று உண்டு. 2ஜியில் அதை 6 நிமிடப் படிகளாக, அதிகபட்சம் 25.5 மணி நேரம் வரை நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். 4ஜி தர வரையறையில் இயல்பு மதிப்பு 54 நிமிடம். ஸ்மார்ட்போன் என்றால் வாட்ஸ்அப், மெயில், அப்டேட் என்று ஏதாவது ஒன்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை நெட்டைத் தொடும், அதனால் தடம் அடர்த்தியாக விழும். பட்டன் போன் மணிக்கணக்கில் மௌனமாக இருக்கும். யாரும் அழைக்காத பட்டன் போனின் ‘கடைசி லொகேஷன்’ என்பது பல நேரம் கடைசியாக யாரோ அழைத்தபோது இருந்த இடம்தான்.

உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். 10 மணிக்கு மேல் நீங்கள் அழைப்பதை நிறுத்தினீர்கள், நெட்வொர்க்குக்குப் புதிய தடம் கிடைக்கவில்லை. 12.30க்கு வந்தது 2 மணி 40 நிமிடப் பழைய தகவல். அதற்குள் பஸ் ஏறியவர் தேனியைத் தாண்டி மதுரைக்கே போயிருக்கலாம்.

அப்படியானால் அழைத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அழைக்க வேண்டும், ஆனால் ஒழுங்கோடு. வீட்டில் ஒருவர் மட்டும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை, முழு ரிங் போகும்வரை அழைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுமுனையில் எடுக்கத் தேவையில்லை. போனில் மணி அடித்துவிட்டாலே அது டவருக்குப் பதில் சொல்லிவிட்டது என்று பொருள். இருபது உறவினர்கள் மாறி மாறி அழைத்தால்தான் கெடுதல். பட்டன் போன் பேட்டரிக்குக் கால் மணிக்கு ஒரு ரிங் சுமையே இல்லை. 10 சதவீதச் சார்ஜில் இருக்கும் ஸ்மார்ட்போன் என்றால் அரை மணிக்கு ஒன்று போதும். அழைத்த நேரங்களை விசாரிக்கும் காவலரிடம் சொல்லுங்கள். எடுக்கப்படாத அழைப்பு, அவர்களுக்கு வரும் அழைப்புப் பட்டியலில் விழாமல் போகலாம். ஆனால் அந்த நேரத்தின் செல் விவரம் (எந்த டவர், அதன் எந்தப் பக்கம் என்பது) நெட்வொர்க்கின் நினைவில் புதுப்பிக்கப்பட்டிருக்கும். ‘அழைப்புப் பட்டியல் மட்டும் போதாது, கடைசியாகப் பதிவான செல்லும் வேண்டும்’ என்று அவர்கள் நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இனி இடம். ஒரு டவரில் பொதுவாக மூன்று திசைக்கு மூன்று ஆண்டெனா, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 டிகிரியைப் பார்த்துக்கொள்ளும். இந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி செல் ஐ.டி. உண்டு. போலீஸுக்கு வரும் விவரத்தில் டவரின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு அந்தப் பக்கம் பார்க்கும் திசையும் டிகிரியில் இருக்கும். அதை அசிமத் என்பார்கள். வடக்கை 0 என வைத்துக் கடிகார முள் சுற்றும் வாக்கில் எண்ண வேண்டும்: 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. அசிமத் 120 என்றால் போன் இருக்க வாய்ப்புள்ள பகுதி 60 முதல் 180 டிகிரி வரை. மொபைலில் வரைபடத்தைத் திறந்து டவர் மேல் ஒரு புள்ளி குத்திவிட்டுச் சுற்றிலும் தேடினால், தேடலில் மூன்றில் இரண்டு பங்கு வீண்.

தூரம் எவ்வளவு? போனின் சிக்னல் டவருக்கு வந்துசேர எடுக்கும் நேரத்தை வைத்து நெட்வொர்க் அதை அளக்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்க அல்ல, பல போன்களின் சிக்னல் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க. பெயர் டைமிங் அட்வான்ஸ். 2ஜியில் ஒரு படி சுமார் 550 மீட்டர், 0 முதல் 63 படி வரை, அதாவது ஏறக்குறைய 35 கிலோமீட்டர். 4ஜியில் ஒரு படி சுமார் 78 மீட்டர். மதிப்பு 5 என்று 2ஜி போனுக்கு வந்தால் 2.75க்கும் 3.3 கிலோமீட்டருக்கும் நடுவே என்று கொள்ளுங்கள். டவரைச் சுற்றி 3.3 கிலோமீட்டர் முழு வட்டம் போட்டால் 34 சதுர கிலோமீட்டர். திசையும் தூரமும் சேர்த்துப் பார்த்தால் வில் போல வளைந்த ஒரு பட்டை கிடைக்கும், அதன் பரப்பு 3.5 சதுர கிலோமீட்டர். பத்தில் ஒரு பங்கு! அதே தூரத்தில் 4ஜி என்றால் அரை சதுர கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். எல்லா நேரத்திலும் இந்த எண் கிடைக்காது, சாதாரண அழைப்புப் பட்டியலில் இருக்கவும் இருக்காது. ஆனால் கேட்டால்தானே கிடைக்கும். மலையில் பட்டுத் திரும்பிய சிக்னல் சுற்றி வருவதால் தூரத்தைக் கூட்டிக் காட்டும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். பட்டைக்குள் ஆள் இல்லையென்றால் டவரை நோக்கி உள்பக்கமாகத் தேடுங்கள்.

போடிப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. போன் பக்கத்து டவரைத் தேர்ந்தெடுப்பதில்லை, பலமாகக் கேட்கும் டவரைத் தேர்ந்தெடுக்கிறது. அரை கிலோமீட்டரில் இருக்கும் டவரைக் கட்டடங்கள் மறைக்கலாம். 10 கிலோமீட்டருக்கு அப்பால் மலைச்சரிவில் கிழக்கு பார்த்து நிற்கும் ஆண்டெனாவுக்கு இடையில் தடையே இருக்காது, சமவெளி முழுக்க அதன் பார்வையில் கிடக்கும். 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ் அலைவரிசைகள் இப்படித் தூரம் போகக்கூடியவை. அந்த டவரைப் பிடித்துவிட்ட போன், இன்னொன்று தெளிவாக அதைவிடப் பலமாகும்வரை அதை விடாது. ஆகவே 9.50க்கே உங்கள் அப்பா அந்த மலையடிவாரத்தில் இருந்திருக்கத் தேவையில்லை. போடியிலோ, தேனிச் சாலையில் ஒரு பஸ்ஸிலோ இருந்திருக்கலாம். மலைப்பக்கம் போன் கேரள வட்டத்து (மொபைல் சேவைக்காகப் பிரித்த மாநில அளவுப் பகுதிக்கு வட்டம் என்று பெயர்) டவரைப் பிடித்துவிட்டால் தமிழ்நாட்டு வட்டத்துப் பதிவில் அது தெரியாமல் போகலாம், அந்த வட்டத்துக்கும் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். தனுஷ்கோடியில் நிற்பவர்களின் போனுக்கு இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்புச் செய்தி வருவதும் இதே காரணத்தால்தான். கடல்மேல் சிக்னலை மறிக்க எதுவும் இல்லை.

எனவே இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் (நேரக்கூடாது) விசாரிக்கும் அதிகாரியிடம் நான்கு விவரங்களைக் கேளுங்கள். பதிவான நேரம் என்ன? செல் எந்தத் திசை பார்க்கிறது? டைமிங் அட்வான்ஸ் கிடைத்ததா? அதற்கு முந்தைய ஐந்தாறு பதிவுகள் எவை? நான்காவதுதான் பெரிய உதவி. ஒற்றைப் புள்ளி எங்கேயும் இழுத்துப் போகும். நேர வரிசையில் நான்கு செல்களை வைத்தால், நடந்து போகிறாரா, பஸ்ஸில் போகிறாரா, எந்தச் சாலை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். போனில் வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் இருந்தால் இரண்டு நம்பரையும் கொடுங்கள். இரண்டு நெட்வொர்க்கின் டவர்களும் பெரும்பாலும் வேறு வேறு இடத்தில் நிற்கும். இரண்டு செல்களும் பார்க்கும் விசிறி வடிவப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதி, தனித்தனியாக ஒவ்வொன்றையும்விடச் சிறியது. இதைப் பலர் சொல்லத் தவறுகிறார்கள்.

‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற அறிவிப்பு சில மணி நேரம் கழித்து ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று மாறினால் யாரோ போனைப் பறித்து அணைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். முறையாக அணைக்கும் போன் டவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகும். சிக்னல் இல்லாத இடத்துக்குப் போன போனை, குறித்த கெடு தாண்டியதும் நெட்வொர்க் தானாகவே ‘அணைந்தது’ என்று குறித்துக்கொள்ளும். அறிவிப்பு மாறியது அந்தக் கெடு முடிந்ததாலும் இருக்கலாம்.

இந்த விவரம் எதையும் குடும்பத்தார் நேரடியாக நிறுவனத்திடம் பெற முடியாது. போலீஸ் வழியாக, எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு, நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு (இத்தகைய கோரிக்கைகளைக் கவனிக்கும் பொறுப்பாளருக்கு) கோரிக்கை போக வேண்டும். தனிமனிதரின் நடமாட்டம் கண்டவர் கையில் சிக்கக் கூடாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு அது, அவசியமானதும்கூட. அதனால் ஓடும் நேரத்தை மிச்சப்படுத்த ஒரே வழி, புகாரை உடனே கொடுப்பது. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மறதி நோயாளி என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். நம்பர்கள், சிம் யார் பெயரில் இருக்கிறது, போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் (இரண்டு சிம் போனில் இரண்டு இருக்கும்), அண்மைப் புகைப்படம், உடுத்தியிருந்த உடை, கடைசியாகப் பார்த்த நேரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றைக்கே ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்திப் பார்த்துக் குறித்துவையுங்கள். யாராவது சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு சிம் போட்டாலும் போனை இந்த எண்ணை வைத்துத் தேடலாம்.

தம்பி கட்டிய 499 ரூபாய் பற்றி. நம்பரை மட்டும் வைத்து இருப்பிடத்தைக் காட்டும் பொதுமக்கள் வெப்சைட் எதுவும் இல்லை. நம்பரின் முதல் சில இலக்கங்கள் ஆதியில் எந்த நிறுவனத்துக்கு, எந்த வட்டத்துக்கு ஒதுக்கப்பட்டவை என்ற பட்டியலைத்தான் அவை காட்டுகின்றன. 2011 முதல் நாடு முழுக்க நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றான பிறகு அதுவும் பல நேரம் தவறு. பணம் போனதை 1930க்கு அழைத்துச் சொல்லுங்கள். அந்தத் தளத்தில் ஏதாவது ஆப் இறக்கச் சொல்லியிருந்தால், ஓ.டி.பி. கொடுத்திருந்தால், அந்தப் போனிலிருந்து ஆப்பை நீக்கி வங்கிக் கடவுச்சொற்களை இன்றே மாற்றச் சொல்லுங்கள்.

என்ன வாங்குவது? நான் முதலில் சொல்வது கடையில் வாங்குவதல்ல. அப்பாவின் பெயர், ஊர், இரண்டு போன் நம்பர் ஆகியவற்றை அழியாத மையில் துணிப் பட்டையில் எழுதி, எல்லாச் சட்டைகளின் பைக்குள்ளும் தைத்துவிடுங்கள். வேட்டிக்குப் பெல்ட் போடுவாரென்றால் அதன் உள்பக்கமும். அன்று அப்பாவை மீட்டது ஒரு கடைக்காரரின் கண்ணும் நல்ல மனசும்தான். அடுத்த கடைக்காரருக்குப் போனில் எந்த நம்பரை அழுத்துவது என்று தெரியாமல் போகலாம், பட்டை இருந்தால் படித்துவிடுவார். சிக்னலும் சார்ஜும் கேட்காத ஒரே ஏற்பாடு இது.

அடுத்தது ஸ்மார்ட்போன். கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வை ‘நிறுத்தும்வரை’ என்று வைத்து உங்கள் கணக்கோடு இணைத்தால் டவரைவிடப் பலமடங்கு துல்லியம் கிடைக்கும். திறந்த வெளியில் ஜி.பி.எஸ். சில மீட்டருக்குள் காட்டும். கட்டடத்துக்குள் சுற்றியுள்ள வைஃபை பெட்டிகளை அடையாளம் வைத்து மதிப்பிடும். பெட்டியை வீடு மாற்றி எடுத்துப் போயிருந்தால் பழைய முகவரியைக் காட்டுவதும் உண்டு. புள்ளியைச் சுற்றித் தெரியும் வெளிர்நீல வட்டத்தைக் கவனியுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்துக்குள் ஆள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பதுதான் கணக்கு. மூன்றில் ஒரு முறை அவர் வட்டத்துக்கு வெளியே இருப்பார். புள்ளிக்குக் கீழே ‘எத்தனை நிமிடத்துக்கு முன்’ என்று சிறிய எழுத்தில் இருப்பதையும் படியுங்கள், 9.50 கதை இங்கேயும் நடக்கும். பேட்டரி மிச்சப்படுத்தும் வசதி பின்னணியில் மேப்ஸை நிறுத்திவிடும், அதை மேப்ஸுக்கு மட்டும் விலக்கி வையுங்கள். மறதி உள்ளவர்களுக்குப் புதிய போன் பழகாது, தினம் சார்ஜ் போடவும் மறக்கும். இந்தக் குறை பெரியது.

ஆகவே உங்கள் அப்பாவுக்குப் பழைய பட்டன் போன் அப்படியே இருக்கட்டும். கழுத்திலோ பெல்ட்டிலோ மாட்டும் தனி ஜி.பி.எஸ். கருவி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்குமுன் அது 4ஜியா என்று கேளுங்கள். 2ஜி மட்டும் உள்ள மலிவுக் கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது, அந்த நிறுவனத்திடம் 2ஜி கிடையாது. இருப்பிடம் அனுப்பும் இடைவெளியை 5 அல்லது 10 நிமிடம் என்று வையுங்கள். 10 நொடி என்று வைத்தால் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். வீட்டைச் சுற்றி எல்லை போட்டு, தாண்டினால் எச்சரிக்கை வரும்படி செய்யலாம். அந்த எல்லை 50 மீட்டர் வேண்டாம். ஓட்டுக் கூரைக்குக் கீழே ஜி.பி.எஸ். புள்ளி தானாகவே அலையும், நாளுக்குப் பத்துப் பொய் எச்சரிக்கை வரும், பதினோராவதை யாரும் பார்க்க மாட்டீர்கள். 300 மீட்டர் வைத்துப் பாருங்கள், டீக்கடை அதற்குள் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக் விலை குறைவு, பேட்டரி மாதக்கணக்கில் வரும். ஆனால் அதற்குச் சொந்தமாக ஜி.பி.எஸ்.ஸும் இல்லை, சிம்மும் இல்லை. அருகில் போகிறவர்களின் போன்தான் அதைக் கேட்டு இடத்தைச் சொல்ல வேண்டும். தேனி பஸ் ஸ்டாண்டில் நன்றாக வேலை செய்யும், ஆளரவமற்ற ஏலத்தோட்டப் பாதையில் செய்யாது.

அப்பாவுக்கு இதைச் சொல்லாமல் செய்யாதீர்கள். தெளிவாக இருக்கும் ஒரு காலை வேளையில், நீங்கள் வழி தவறினால் நாங்கள் வந்து சேர இது என்று பக்குவமாகச் சொல்லி, அவர் கையாலேயே மாட்டிக்கொள்ளச் செய்யுங்கள். திணிக்கப்பட்ட கருவியை அவர்கள் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். யார் யார் பார்க்கலாம் என்பதையும் இரண்டு மூன்று பேரோடு நிறுத்துங்கள்.

கருவி வந்த வாரத்திலேயே அதை உங்கள் பையில் போட்டுக்கொண்டு அப்பா வழக்கமாக நடக்கும் தெருக்கள், போடிமெட்டு சாலை, தேனி போகும் பஸ் என மூன்றிலும் ஒருமுறை போய்வாருங்கள். வீட்டில் ஒருவர் திரையைப் பார்த்து, எந்த வளைவில் தகவல் நிற்கிறது, எங்கே மீண்டும் வருகிறது என்று நேரத்தோடு ஒரு தாளில் குறிக்கட்டும். அந்தத் தாளை ஐ.எம்.இ.ஐ. எண் எழுதிய தாளோடு சேர்த்து வையுங்கள்.